இடப்பக்கத்துக் கள்ளன்

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

புதிதாக வந்திருக்கும் குருவானவர் ஆல்வின் இன்றைய ஆராதனையில் ஒரு யோசனை சொன்னார். உயிர்த்த ஞாயிறுக்கு முந்தைய இந்த லெந்து நாட்களில் ஆண்டவருடைய கடைசி நாட்களைத் தியானித்து, மனதில் பட்டதை அன்றன்றைக்கு எழுதி வைக்க வேண்டுமாம். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை என்றார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். காட்டச் சொல்லியிருந்தால் நல்லதாக நாலு வரி எழுதி நீட்டியிருப்பேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இத்தனை வருஷமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

மனதில் பட்டது இதுதான். ஏசுவடியான் நாசமாய்ப் போக வேண்டும்.

எழுதிய பிறகு நெஞ்சு கொஞ்சம் லேசாக இருக்கிறது. தொடர்ந்து எழுதலாம் போலிருக்கிறது.

பிப்ரவரி 18, ஞாயிறு

எதற்காக இந்தக் கோபம் என்பதையும் எழுதிவிடுகிறேன். வயதாகிறது, எனக்கே மறந்துபோனால் வீணாகிவிடும்.

எங்கள் ஊரில் ஒருவர் செத்து, பெட்டி வீட்டை விட்டுப் புறப்படும்போது, அவருக்கு எத்தனை வயதோ அத்தனை முறை கோயில் மணி அடிக்கும். ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி. ஊரே எண்ணும். அடுப்படியில் நிற்கிறவளும் கரண்டியை வைத்துவிட்டு எண்ணுவாள். மணி ஓய்ந்ததும்தான் பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்குவார்கள்.

போன ஜூன் மாதம் என் வீட்டுக்காரர் ஞானாபரணம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பள்ளிக்கூட வாத்தியார். கோயில் தென்னந்தோப்பை விற்கக் கூடாது என்று கோர்ட்டுக்குப் போனவர். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான். அப்போது சபைக் கமிட்டியின் செயலர் ஏசுவடியான். சபையைக் கோர்ட்டுக்கு இழுத்தவனுக்கு மணியும் இல்லை, கல்லறையும் இல்லை என்று தீர்மானம் போட்டிருந்தார். பெட்டி கல்லறைத் தோட்டத்து வாசல் வரை போனது. கேட்டில் பூட்டுத் தொங்கியது. சாவி வளையம் ஏசுவடியான் இடுப்பில்.

"சட்டம்னு ஒண்ணு இருக்கு சொர்ணம். நான் செய்யல, சட்டம் செய்யுது" என்றார்.

பெட்டியைத் திருப்பிக்கொண்டு போய்த் தேரிக்காட்டு ஓரத்தில், செம்மண்ணில், ஒரு பனைமூட்டுக்குப் பக்கத்தில் புதைத்தோம். ஊர் மணிக்காகக் காத்திருந்தது. மணி அடிக்கவில்லை. அவர் செத்தது பாதித் தெருவுக்கு மறுநாள்தான் தெரியும்.

அதுவரை ஏசுவடியானை அண்ணாச்சி என்று கூப்பிட்ட வாய் இது. அன்றோடு சரி.

பிறகு வந்த சபைத் தேர்தலில் என் வீட்டுக்காரரின் ஆட்கள் என்னை நிறுத்தினார்கள். அழுகை ஓட்டு விழுந்தது. இப்போது செயலர் நான். கோயில், மணிக்கூண்டு, கல்லறைத் தோட்டம் மூன்றின் சாவியும் அந்த வளையத்தோடு என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. ஒப்படைத்த அன்று ஏசுவடியான் அதை மேஜையில் எறிந்தார். குனிந்து எடுத்துக்கொண்டேன்.

இன்று கமிட்டிக் கூட்டத்தில் பெரிய வெள்ளி மும்மணி நேர ஆராதனைக்கு ஆள் பிரித்தார்கள். சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் பேச வேண்டும். எனக்கு இரண்டாவது. நினைத்தருளும் என்று கேட்ட கள்ளனிடம், இன்றைக்கே என்னோடு பரதீசில் இருப்பாய் என்று சொன்னாரே, அது. முதல் வார்த்தை மன்னிப்பைப் பற்றியது. அது விழாமல் தப்பித்தேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

லெந்து வீட்டுக் கூட்டம் இந்த வாரம் ஏசுவடியான் வீட்டில். முறை வைத்து வருவது, மாற்ற முடியாது. செயலர் போகாமல் இருந்தால் ஊர் பேசும். போனேன்.

செல்லக்கனி கட்டிலில் கிடந்தாள். ஏசுவடியானின் மனைவி. வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். மகள் கனடாவில். வேலைக்காரிக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. அவரே கஞ்சி காய்ச்சுகிறார். கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பி குடிக்கும்போது அடுப்படியை எட்டிப் பார்த்தேன். கஞ்சி அடிப்பிடித்துக் கருகியிருந்தது. பானையைச் சுரண்டிக்கொண்டு நின்றார், ஊரையே ஆட்டி வைத்தவர்.

செல்லக்கனி என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். தூக்க முடியவில்லை. நான் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 24

கருகிய கஞ்சியை நினைக்க நினைக்க இனிக்கிறது.

பிப்ரவரி 27, செவ்வாய்

கஞ்சி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியட்டும் என்று தூக்குச்சட்டியில் கொண்டுபோனேன். நொய், பூண்டு, சுக்கு. அவர் கதவைத் திறந்தார். எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. விலகி நின்றார்.

செல்லக்கனிக்கு நாலு கரண்டி இறங்கியது. "ஏட்டி, உப்பு சரியா இருக்கு" என்றாள். அவளோடு பேசிப் பல மாதம் ஆகிறது.

அவள் படுகிற பாட்டைப் பார்க்கத்தான் போனேன். பார்த்துவிட்டேன். இனிப் போக வேண்டியதில்லை.

மார்ச் 3, ஞாயிறு

இந்த வாரம் தினமும் போனேன். சட்டியை அங்கேயே வைத்துவிட்டு வருவதால் மறுநாள் எடுக்கப் போக வேண்டியிருக்கிறது.

கோயிலில் பெரிய வாரத்துக்கான அறிவிப்பை நான்தான் வாசித்தேன். பெரிய வியாழன் இரவுத் திருவிருந்து முடிந்ததிலிருந்து உயிர்த்த ஞாயிறு விடியற்காலை வரை கோயில் மணி எதற்காகவும் அடிக்கப்படமாட்டாது, ஆண்டவர் கல்லறையில் இருக்கும் நேரம் அது. இதுவும் ஏசுவடியான் செயலராக இருந்தபோது எழுதியதுதான். எழுதுவதில் அவருக்குக் கை நல்ல கை.

தியானம்: பிலாத்து. அவனும் நான் செய்யவில்லை என்றுதான் சொன்னான். கூடக் கொஞ்சம் தண்ணீர் கேட்டான், கை கழுவ. ஏசுவடியான் அதுகூடக் கேட்கவில்லை.

மார்ச் 7, வியாழன்

என் வார்த்தைக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. ராத்திரி மாவாட்டும்போது தோன்றியது, கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்து எழுதுகிறேன்.

எல்லோரும் வலப்பக்கத்துக் கள்ளனைப் பற்றித்தான் பேசுவார்கள். மனந்திரும்பினான், பரதீசு கிடைத்தது, அல்லேலூயா. நான் இடப்பக்கத்துக் கள்ளனைப் பற்றிப் பேசப்போகிறேன். அவனும் அதே மலையில், அதே நேரத்தில், அதே மாதிரி தொங்கினான். ஆண்டவர் அவனிடம் ஒரு வார்த்தையாவது சொன்னாரா? இல்லை. ஏழு வார்த்தையில் ஒன்றுகூட அவனுக்கு இல்லை. எல்லோருக்கும் பரதீசு கிடையாது. சிலருக்கு ஆண்டவர் பதிலே சொல்வதில்லை. இதைச் சபை கேட்க வேண்டும். கடைசியில் சொல்வேன்: அந்தக் கள்ளன் இன்று இந்தக் கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான், பெயர் ஏசுவடியான், எழுந்து நில்லும்.

பதினைந்து நிமிஷம் தருவார்கள். எனக்கு அது போதும்.

மார்ச் 10, ஞாயிறு

ஆராதனை முடிந்து தேரிக்குப் போனேன். காற்றுக் காலம். ஒவ்வொரு வாரமும் மண் சரிந்து மேடு தரையோடு தரையாகிவிடுகிறது. கையால் கூட்டிக் குவித்தேன். பனைமூட்டு மட்டும் இல்லையென்றால் என் வீட்டுக்காரர் எங்கே கிடக்கிறார் என்று எனக்கே தெரியாது. கல்லறைத் தோட்டத்தில் படுத்திருக்க வேண்டியவர். கரும்பலகையில் கோடு கோணினால்கூடப் பொறுக்கமாட்டார், அழித்துவிட்டு மறுபடி போடுவார். அவருக்குக் கிடைத்த இடம் இது.

செம்மண் நகத்தில் ஏறிவிட்டது. இரண்டு நாள் போகாது.

மார்ச் 13, புதன்

செல்லக்கனியின் தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. அவருக்கு எங்கே தெரியப்போகிறது. வெந்நீர் வைத்து, கட்டில் ஓரத்தில் தலையைத் தொங்கவிட்டுக் கழுவிவிட்டேன். அழுக்குத் தலையைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது, வேறொன்றுமில்லை. முடி கையோடு வந்தது. ஒரு காலத்தில் பாடகர் குழுவில் இவள் பின்னலைப் பார்த்து எனக்குப் பொறாமை. இருவருக்கும் ஒரே பாட்டுப் புத்தகம். பக்கத்தை அவள் புரட்டுவாள், நான் பிடித்துக்கொள்வேன்.

ஏசுவடியான் வாளியில் தண்ணீர் மாற்றிக் கொண்டுவந்து வைத்தார். ஒரு சொட்டுத் தரையில் சிந்தியது. "சிந்தாம வைக்கத் தெரியாதா" என்றேன். துணி எடுத்துத் துடைத்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் காட்சி என் கூடவே வந்தது.

மார்ச் 17, ஞாயிறு

அவர் கடைக்குப் போயிருந்த நேரம் செல்லக்கனி என் கையைப் பிடித்தாள்.

"சொர்ணம், ஒண்ணு சொல்லணும்ட்டி. அன்னைக்கு உங்க வீட்டு அண்ணன் பெட்டி வந்துச்சுல்லா, அன்னைக்குக் காலையில இவுக குளிக்கப் போயிருந்தாவ. சாவி வளையம் கட்டில் மேல கெடந்துச்சு. நான் பாத்தேன். எடுத்து உன்கிட்டத் தந்துருக்கலாம். தரல."

"ஏன்?"

"பயந்துட்டேன்."

கையை உருவிக்கொண்டேன். அவள் விடவில்லை, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துப் பிடித்தாள்.

"அதனால எனக்கு மணி அடிக்க வேண்டாம். தோட்டத்துலயும் வைக்க வேண்டாம். தேரியில அண்ணனுக்குப் பக்கத்துல எங்கயாவது போட்டுருங்க. இவுககிட்டயும் சொல்லிட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. இவள் சாவுக்குத்தானே சாவியை வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். அவர் என் வாசலில் வந்து நிற்க வேண்டும், நான் இல்லை என்று சொல்ல வேண்டும். அவளே வேண்டாம் என்றால் நான் எதை இல்லை என்பது?

மார்ச் 18

போகவில்லை.

மார்ச் 19

போகவில்லை. கஞ்சி காய்ச்சினேன், பழக்கத்தில். நானே குடித்தேன்.

மார்ச் 20, புதன்

போனேன். சட்டி அங்கே இருக்கிறதே.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

ஓலை பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தோம். ஓசன்னா பாடினவர்கள் ஐந்தே நாளில் சிலுவையில் அறையச் சொன்னார்கள். கூட்டம் என்றால் அப்படித்தான். என் வீட்டுக்காரரைத் தோப்பை மீட்ட சிங்கம் என்று தோளில் தூக்காத குறை. பெட்டி கேட்டில் நின்றபோது ஒருவரும் பூட்டைத் தொடவில்லை.

சாயங்காலம் செல்லக்கனிக்கு ஓலையில் ஒரு சிலுவை மடித்துக் கொடுத்தேன். பெரிய வெள்ளிக்கு என்ன பேசப்போகிறாய் என்று கேட்டாள். வலிக்கட்டும் என்றுதான் முழுவதையும் சொல்லிக் காட்டினேன், பெயரைச் சொல்லும் கடைசி வரி தவிர. அவர் அடுத்த அறையில் இருந்தார். கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"அவன்கிட்ட ஆண்டவர் ஒண்ணும் சொல்லலதான்" என்றாள். "ஆனா அவன் ஒண்ணும் கேக்கலியேட்டி. கேட்டுருந்தா?"

"கேக்கமாட்டான். கேக்கிற சாதி இல்ல அவன்."

"ஆமா" என்றாள். "கேக்கத் தெரியாது அவுகளுக்கு. கலியாணம் ஆன நாள்ல இருந்து ஒரு தம்ளர் தண்ணி கேட்டதில்ல. நானா பாத்துக் குடுத்தாத்தான்."

அவுகளுக்கு என்றாள். கவனித்தேன்.

மார்ச் 25, திங்கள்

ஆண்டவர் இந்த நாளில் அத்திமரத்தைச் சபித்தார். பசித்தபோது கனி இல்லை என்று ஒரு மரத்தைப் பட்டுப்போகச் செய்தார். கோயிலுக்குள் கயிறு சுழற்றி அடித்தார். இதையெல்லாம் லெந்துக் கூட்டத்தில் யாரும் பேசுவதில்லை. எனக்கு இந்த ஆண்டவரைப் பிடித்திருக்கிறது.

மார்ச் 28, பெரிய வியாழன்

சாயங்காலத் திருவிருந்துக்குப் போனேன். எல்லோரும் எழுந்து மேஜைக்குப் போனார்கள், நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். பகையை வைத்துக்கொண்டு அந்த அப்பத்தைத் தொடக் கூடாது. ஜூன் மாதத்திலிருந்து தொடவில்லை. பகையை விட மனமில்லை, அதனால் அப்பத்தை விட்டிருக்கிறேன். குருவானவர் ஒவ்வொரு முறையும் என் பக்கம் பார்க்கிறார். பாவம், சின்னப் பிள்ளை.

ஆராதனை முடிந்ததும் கடைசி மணி அடித்துக் கயிற்றைச் சுருட்டிக் கட்டினார்கள். மணிக்கூண்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். அப்படியே அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

செல்லக்கனிக்கு மூச்சு மேலே மேலே வாங்கியது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு துணியை நனைத்து உதட்டில் வைத்தேன். உறிஞ்சினாள். மறுபடி வைத்தேன். ஏசுவடியான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார், என்ன செய்வது என்று தெரியாமல் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு. மூன்றாவது முறை துணியை வைத்தபோது உறிஞ்சவில்லை.

கண்ணை நான்தான் மூடினேன்.

மணி ஓய்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவர் எழுதிய சட்டப்படி இனி ஞாயிறு விடியும் வரை மணி கிடையாது. பெட்டியை அதுவரை வைத்திருக்க முடியாது, நாளைக்கே எடுக்க வேண்டும். இல்லை என்று நான் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுகூட இல்லை. நான் செய்யவில்லை, சட்டம் செய்கிறது.

வீட்டுக்கு வந்து கை கழுவினேன். செல்லக்கனி உடம்பில் பூசியிருந்த தைல வாசனை போகவில்லை. இரண்டு முறை சோப்புப் போட்டேன்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

கை வலிக்கிறது. இருந்தாலும் எல்லாவற்றையும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

காலையில் முற்றம் தெளித்துக்கொண்டிருந்தேன். ஏசுவடியான் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றிப் போட்டிருந்தது. உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை.

"சாவி வேணும் சொர்ணம்."

"எந்தச் சாவி?"

"கல்லறைத் தோட்டத்துச் சாவி."

இந்த நேரத்துக்காகத்தான் உயிரோடு இருந்தேன். "அது சபைச் சொத்து. எழுதிக் குடுங்க, கமிட்டியில வச்சிச் சொல்லுதேன்" என்றேன். எத்தனை தடவை தனியாகச் சொல்லிப் பார்த்த வாக்கியம்.

சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். விண்ணப்பம். ராத்திரி பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். ஒரு குறை இல்லை. கீழே கையெழுத்தில் மட்டும் மை பரவியிருந்தது.

வாசலில் பூட்டைத் தொங்கவிட்டுச் சிரிக்க நான் ஏசுவடியான் இல்லை. அதை அவருக்குக் காட்டுவதும் ஒரு பழிதான். "தோட்டத்தத் தொறந்து விடுதேன். அவ தேரியில போடச் சொன்னா. தேரியில போட்டா மண்ணக் குவிக்க உங்களுக்குத் தெரியாது" என்றேன்.

அவர் போகவில்லை.

"மணியும் அடிக்கணும்."

வாளியைக் கீழே வைத்தேன். "இன்னைக்கா? இன்னைக்கு மணி கெடையாதுன்னு யாரு எழுதுனா?"

"நான்தான்."

"அவளே வேண்டாம்னுட்டா."

"அவ சொல்லுவா." கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நான் கேக்கேன், சொர்ணம்."

கேட்கத் தெரியாது என்று செல்லக்கனி சொன்னது நினைவுக்கு வந்தது. வராமல் இருந்திருக்கலாம். அதை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னேன்.

"அடிக்கலாம். முதல்ல எங்க வீட்டு ஆளுக்கு அடிக்கணும். நீங்களே அடிக்கணும். மும்மணி முடிஞ்சி ஊரு பூராவும் கோயில் வாசல்ல நிக்கும்போது அடிக்கணும். அதுக்கப்புறம் உங்க வீட்டு ஆளுக்கு."

"பெட்டிய வாசல்ல நிறுத்தி வச்சிட்டா?"

"எங்க பெட்டியும் நின்னுச்சி."

கம்பியை விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அவர் எழுதிய இரண்டு சட்டத்தையும், அவர் கையாலேயே, ஊர் பார்க்க உடைக்க வேண்டும். செய்தாலும் எனக்கு வெற்றி, செய்யாவிட்டாலும் வெற்றி. மீதி முற்றத்தைத் தெளித்து முடித்தேன். தண்ணீர் எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஆராதனை. முதல் வார்த்தையை ஒரு தம்பி பேசினான், காதில் விழவில்லை. பாட்டு முடிந்ததும் நான் பிரசங்க மேடை ஏறினேன். முன்வரிசையில் அவர் இடம் காலியாக இருந்தது. எனக்கு ஏமாற்றம்தான். பேச ஆரம்பித்த பிறகு, பின்கதவு வழியாக வந்தார். பிணத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்து, செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

நினைத்ததையெல்லாம் பேசினேன். இரண்டு கள்ளர், ஒரே மலை, ஒருவனுக்குப் பரதீசு, ஒருவனுக்குப் பதில் இல்லை. கோயிலில் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. இன்னும் கடைசி வரி பாக்கி. அவர் தலையைக் குனியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு வெள்ளையாகக் காய்ந்து உரிந்திருந்தது. நேற்றிலிருந்து ஒருவரும் அவருக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்திருக்கமாட்டார்கள். அவர் கேட்டிருக்கவும்மாட்டார்.

நேரமாகிவிட்டதால் அங்கேயே நிறுத்திக்கொண்டு இறங்கிவிட்டேன். இன்னும் ஐந்து நிமிஷம் இருந்ததே அம்மா என்று குருவானவர் பிறகு கேட்டார். என் கடிகாரம் எப்போதும் கொஞ்சம் வேகமாக ஓடும்.

மூன்று மணிக்கு எல்லோரும் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார்கள். அவர் தெருவில் பெட்டியை மூடி வாசலில் இறக்கிவிட்டதாக ஆள் வந்து சொன்னான். ஏசுவடியான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். கையை நீட்டினார்.

வளையத்தை அப்படியே அவர் கையில் வைத்தேன். பார்க்காமலே மணிக்கூண்டுச் சாவியை விரல் தேடி எடுத்தது.

"இன்னைக்கு மணி அடிக்கக் கூடாதுல்லா" என்று யாரோ சொன்னார்கள். குருவானவர் என்னைப் பார்த்தார். "செயலர் பொறுப்பு" என்றேன்.

கயிற்றின் சுருளை அவிழ்த்து இழுத்தார். கனமான மணி. வழக்கமாக அடிக்கிற ஆளே இரண்டு கையாலும் தொங்கித்தான் இழுப்பான். இவருக்கு எழுபது வயது. முதல் அடி விழுந்ததும் ஊர் எண்ணத் தொடங்கியது. உதடுகள் அசைவது தெரிந்தது. செல்லக்கனிக்கு வயது அறுபத்தொன்று, எல்லோருக்கும் தெரியும். நாற்பதுக்கு மேல் அவர் ஒவ்வொரு இழுப்புக்கும் சுவரில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கினார். யாரோ உதவப் போனார்கள். தலையை ஆட்டி விலக்கினார்.

அறுபத்தொன்று அடித்தது. ஊர் எண்ணுவதை நிறுத்தியது. ஆண்கள் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு பெட்டி நிற்கும் தெருவுக்குப் புறப்பட்டார்கள்.

அறுபத்திரண்டு அடித்தது.

புறப்பட்டவர்கள் நின்றார்கள். அறுபத்து மூன்று. யாருக்கு, யாருக்கு என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அறுபத்து நான்கு அடித்தபோது என் பக்கத்தில் நின்றவள் வாயைப் பொத்திக்கொண்டு, "யாத்தே, வாத்தியாருக்கு" என்றாள். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை.

அறுபத்தாறில் நிறுத்தினார். என் வீட்டுக்காரருக்கு என்ன வயது என்று காலையில் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வயிறு நிறைந்திருக்க வேண்டும். ஒன்பது மாதப் பசி. நிறைந்ததா என்று கேட்டால், எனக்குத் தெரியவில்லை என்றுதான் எழுத முடியும்.

இனி செல்லக்கனிக்கு அடிக்க வேண்டும். அவர் கயிற்றைப் பிடித்தார். கயிறு அசைந்தது, மணி அசையவில்லை. மறுபடி இழுத்தார். கயிற்றில் ரத்தம். கால் மடங்கி, மணிக்கூண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கயிற்றை மட்டும் விடவில்லை. ஊர் பார்த்துக்கொண்டே நின்றது. அங்கே பெட்டி வாசலில் காத்துக்கொண்டிருந்தது. நான் கேட்டது கிடைத்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம். யாரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்க முடியாது.

போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

"விடுங்க அண்ணாச்சி" என்றேன்.

விட்டார்.

எத்தனை அடிக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. செல்லக்கனியும் நானும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். என் வயதை எண்ணி அடித்தேன்.

மார்ச் 30, சனி

உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். அவருக்கு இதைவிட மோசமாக இருக்கும். எரியட்டும்.

காலையில் தேங்காயெண்ணெய் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன். கஞ்சியும். ஒரு ஆளுக்காகக் காய்ச்ச எனக்கு இன்னும் பழகவில்லை, மிஞ்சிவிடுகிறது.

குருவானவர் வந்தார். நாளைத் திருவிருந்துக்கு மேஜைக்கு வருவீர்களா அம்மா என்று கேட்டார். மன்னிக்கவில்லை ஐயா என்றேன். அவர் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

நாளை விடியற்காலை நாலு மணிக்கு உயிர்ப்பு மணி அடிக்க வேண்டும். இப்போதுதான் ஆணியைப் பார்த்தேன். வளையம் இல்லை. நேற்றுக் கல்லறைத் தோட்டத்தைத் திறந்தவர் ஏசுவடியான்தான், பூட்டியவரும் அவர்தான். சாவி அவரிடமே இருக்கிறது.

நான்தான் போய்க் கேட்க வேண்டும்.